மாட்டுவண்டியில் படித்த இந்துஸ்தானி

ரயிலைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஜபல்பூருக்குப் போனதும் வந்ததும் கரித்தூளும் இடுப்பு வலியும்தான். எங்கே இறங்கி எந்த வண்டி மாறினேன் என்று யாருக்காவது தெரிய வேண்டுமானால் ரயில்வேக்காரர்கள் புத்தகம் போட்டு விற்கிறார்கள், வாங்கிப் பார்த்துக்கொள்ளட்டும். நான் எழுத வந்தது திருநெல்வேலி ஸ்டேஷனில் இறங்கிய பிறகு நடந்ததை. முக்கூடலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊருக்கு இன்னும் ஒரு பகல் பயணம்தான் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஐப்பசி மழை விட்டால்தானே.

நான் போனது என் தம்பி மனைவியை அழைத்துவர. தம்பி ஞானமுத்து பாளையங்கோட்டையில் காயங்கட்டும் வேலை படித்துவிட்டு, வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனவன். அங்கே மரியம் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்து மிஷன் விடுதியில் வளர்ந்தவள். கல்யாணம் முடிந்த பிறகு எங்களுக்கு ஒரு கடிதம் போட்டான், அவ்வளவுதான். அம்மா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெர்மன் சண்டை வந்தபோது பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுத்தார்கள். இவனும் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினான். அங்கே காய்ச்சலில் போய்விட்டான். சர்க்காரில் ஊர் விலாசத்தைக் கொடுத்திருந்தபடியால் செய்தி எங்களுக்குத்தான் வந்தது. மரியத்துக்கு ஒன்றும் தெரியாது.

"அங்கன அவளுக்கு யாருலே இருக்கா? ஒத்தையில கிடந்து அழுவா" என்றாள் அம்மா. "போய்க் கூட்டிட்டு வா. வழியில வாயத் தொறக்காத. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்கின பொறவு நீயே சொல்லு. மூத்தவன் நீதான சொல்லணும்."

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். சாவுச் செய்தியை வழியில் சொல்ல மாட்டோம், பசித்த வயிற்றில் சொல்ல மாட்டோம். இன்னொரு வழக்கமும் உண்டு. தூர தேசத்தில் செத்து அங்கேயே அடக்கமானவனுக்கு எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் துக்க மணி உடனே அடிப்பதில்லை. அவன் மனைவி ஊருக்குள் வர வேண்டும். உடல் வராத சாவுக்கு உடலுக்குப் பதில் அவள்தான் வருகிறாள் என்று கணக்கு. அதனால் ஞானமுத்துவின் மணி அடிக்கப்படாமல் காத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் சரி. அவளிடம் எந்தப் பாஷையில் சொல்வது? அம்மா அதை யோசிக்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாரான நானும் ரயில் ஏறும்வரை யோசிக்கவில்லை. இப்போது இந்தி என்கிறார்கள், அப்போது நாங்கள் இந்துஸ்தானி என்போம். எங்கள் ஊரில் ஒரு ஈ காக்கைக்கு அது தெரியாது. ஜபல்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தமிழர் எனக்காக அவளிடம் பேசினார். "மாமியாருக்கு உடம்பு சுகமில்லை, உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்" என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். அவள் உடனே தகரப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். ரயிலில் அவள் பெண்கள் வண்டியில், நான் ஆண்கள் வண்டியில். பெரிய ஸ்டேஷன்களில் நான் போய் ஜன்னலோரம் நிற்பேன். அவள் சேலைத் தலைப்பை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏதோ கேட்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் கேட்டது. நான் "ஹாங், ஹாங்" என்பேன். ஆமாம் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது. அவள் சந்தோஷமாகத் தலையாட்டுவாள். பாஷை தெரியாமல் இருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் அப்போது கண்டுகொள்ளவில்லை.

திருநெல்வேலியில் இறங்கினால், மேற்கே போகிற ரயில் பாதையை வெள்ளம் அரித்துவிட்டது, வண்டி ஓடாது என்றார்கள். மாட்டுவண்டிதான் கதி. முதலில் சாப்பாடு. ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் உட்கார வைத்தேன். சோற்றையும் சொதியையும் பார்த்துவிட்டு அவள் "ரோட்டி?" என்றாள். இந்த ஊரில் கோதுமை வருவதே அல்வாவுக்குத்தான் என்பதை எப்படிச் சொல்வது? பக்கத்துக் கடையில் ஒரு துண்டு வாங்கிவந்து இலையில் வைத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தாள். அது எழும்பி வந்தது. அவள் தேசத்தில் ஏழைபாழைகள் ரொட்டியாகத் தட்டித் தின்கிற சாமானை நாங்கள் ஊறப்போட்டு, அரைத்து, பாலைப் பிழிந்து நெய்யில் கிண்டிவிட்டு, சக்கையை மாட்டுக்கு வைக்கிறோம். உனக்கு வேண்டியதை மாடு தின்றுவிட்டது அம்மா என்று சைகையில் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. அவள் சோற்றைத்தான் சாப்பிட்டாள். கஷ்டப்பட்டு.

மீசை வெளுத்த மரக்கடை அண்ணாச்சி ஒருவர் அவளுக்காகப் பெஞ்சை விட்டு எழுந்து இடம் கொடுத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவள் அவர் எதிரே போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி, மிகுந்த பணிவோடு, "ஏலே" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பொடிப்பயலைக் கூப்பிடுகிற சொல் அது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"பெரியவங்களுக்குச் சொல்லுத மரியாதைச் சொல்லுன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்கான்" என்றேன்.

"யாரு வே அது?"

"என் தம்பி. இவ புருஷன்."

அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "வரட்டும் அந்தப் பய. காதப் பிடிச்சுத் திருகிப்புடுதேன்."

"சரி அண்ணாச்சி" என்றேன். சின்ன வயதிலேயே அவன் அப்படித்தான். ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பாதிரியாருக்குக்கூட ஏதோ சொல்லிக் கொடுத்து அடி வாங்கியவன். அந்தக் குறும்பை மரியத்தின் வாயில் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழ முடியாது. அவள் தலைப்புக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக்காரர் பெயர் சுடலை. மாடுகளைவிட அவர் மெதுவானவர். மழைக்குக் கூண்டில் ஓலைப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. நான் முன்னால், அவள் பின்னால், நடுவில் தகரப் பெட்டி. பேட்டையைத் தாண்டுவதற்குள் அந்த மௌனம் தாங்க முடியாமல் போயிற்று. தம்பி மனைவியோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் பக்கத்திலும் வழக்கமில்லை, தலைப்பைப் பார்த்தால் அவர்கள் பக்கத்திலும் இல்லை போலிருந்தது. ஆனால் வீடு போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய இந்துஸ்தானியாவது படித்தாக வேண்டும். தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன்.

"பானி" என்றாள்.

"பாணி" என்றேன்.

"நஹீ. பானி."

அப்படித் தொடங்கியது பாடம். சோறு சாவல். உப்பு நமக். போகலாம் என்றால் சலோ. மரியாதையாக உட்காரச் சொல்ல வேண்டுமானால் பைட்டியே. அதை அவள் என்னை வைத்தே சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பள்ளத்திலும் நான் எழும்பி விழ, அவள் "பைட்டியே, பையா, பைட்டியே" என்றாள். பையா என்றால் அண்ணன். வண்டி நின்றுவிட்டது.

"என்ன சுடலை?"

"அந்தம்மா பைய போகச் சொல்லுதாவளே. இதுக்கு மேல பையன்னா மாட்ட அவுத்துட்டு நாமதான் இழுக்கணும்."

நான் விளக்கிச் சொன்னேன். சுடலைக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகும் அவள் என்னைக் கூப்பிட்ட போதெல்லாம் அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

எதிரே யார் வந்தாலும் அவள் "கௌன்?" என்று கேட்பாள். யார் என்று அர்த்தம். சைக்கிளில் போன தபால்காரர், தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவர்கள், வயலில் நாற்றுக் கட்டோடு நின்ற பெண்கள், எல்லோருக்கும் கௌன். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. கடைசியில் அவளே சொல்லிக்கொடுத்தாள். பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். ஸ்டுடியோ நாற்காலியில் ஞானமுத்து, தலையில் எண்ணெய் வழிய. என் பக்கம் நீட்டி, "கௌன்?" என்றாள். நான் விழித்தேன். என் நெஞ்சைத் தொடாமல் சுட்டிக்காட்டி, "மேரா பாய்" என்றாள். என் சகோதரன். சொல் என்றாள்.

"மேரா பாய்" என்றேன்.

உச்சரிப்பு சரியில்லை. மறுபடி சொல்ல வைத்தாள். பள்ளிக்கூடத்தில் இதைவிடச் சிறிய தப்புக்கு நான் பிரம்பை எடுத்திருக்கிறேன். நான்காவது தடவைக்குத் தலைப்புக்குள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். எனக்கு வண்டியிலிருந்து குதித்து வயலில் இறங்கி எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஓடை ஒன்று சாலையை மறித்துக்கொண்டு ஓடியது. சுடலை இறங்கிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஆகாது வே" என்று மாட்டை அவிழ்த்தார். பக்கத்தில் ஓடு உடைந்த ஒரு சத்திரம். மறுநாளும் மழை விடவில்லை. ஓட்டைக்கு ஓட்டை பாத்திரம் வைத்துவிட்டு, நனையாத மூலையில் சுருண்டு கிடந்தோம். சோறும் துவையலும் சுடலையே பொங்கினார். காலையும் அதுதான், மாலையும் அதுதான்.

எங்களைப் போலவே அங்கே மாட்டிக்கொண்டவர் அத்தர் விற்கிற ஒரு சாயபு. வேலூர்ப் பக்கத்துக்காரர். மரியம் "பானி" என்று கேட்டதுதான் தாமதம், அவர் திரும்பி இந்துஸ்தானியில் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்தாள். நாள்கணக்காக அடைத்து வைத்த மடையைத் திறந்துவிட்டது போலப் பேசினாள். நான் துவையல் அம்மியடியில் நின்றுகொண்டு காதைத் தீட்டினேன். அவர் என்ன கேட்கிறார், இவள் என்ன சொல்கிறாள், ஒன்றும் பிடிபடவில்லை. சட்டென்று பேச்சு நின்றது. சாயபு என்னை வெளியே கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பொண்ணு வழி நெடுக உங்ககிட்ட ஒரே கேள்வி கேட்டுதாம். 'கப் ஆயேங்கே', அவர் எப்ப வருவார்னு. நீங்க ஆமா ஆமான்னீங்களாம். அதனால அவர் ஏற்கெனவே ஊருக்கு வந்துட்டார், திடீர்னு காட்டறதுக்காக மறைக்கிறாங்கன்னு நினைச்சுட்டிருக்கு. நிஜந்தானான்னு என்னைக் கேக்குது."

கூரைத் தண்ணீர் என் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது, நகரத் தோன்றவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான் ஜன்னலோரம் நின்று தலையாட்டியது கண்முன் வந்தது. உள்ளதைச் சொன்னேன். சாயபு ஏதோ ஓதி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொல்லிடட்டுமா? அது பாஷையிலேயே பக்குவமா சொல்றேன்."

அந்த நிமிஷத்தில் சரி என்று தலையாட்டியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன். ஆனால் ஒழுகுகிற சத்திரத்தில், அரை வயிற்றோடு, அத்தர் பெட்டிக்காரர் ஒருவர் வாயாலா அவள் அதைக் கேட்க வேண்டும்? அவளைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு பெண்பிள்ளை கிடையாது.

"வேண்டாம் பாய். வீட்டில் வைத்து நான்தான் சொல்லணும். எப்படிச் சொல்லணும்னு மட்டும் சொல்லித் தாங்க."

"'மர் கயா'ன்னு சொல்லாதீங்க. அது ஆடு மாட்டுக்கும் சொல்றது. 'குசர் கயே'ன்னு சொல்லுங்க. காலமாயிட்டார்னு அர்த்தம். மரியாதையானது."

"அவகிட்ட இப்ப என்ன சொல்லுவீங்க?"

"மாமியார்கிட்டயே கேட்டுக்கோம்மான்னு சொல்லிடறேன். பொய் சொல்ல மாட்டேன்."

குசர் கயே. உள்ளே வந்து படுத்து, ஓட்டைப் பார்த்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். மரியம் எதிர்மூலையில் ஒரு ராகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் கோவிலில் ஞாயிறு மாலையில் பாடுகிற அதே ராகம். சொற்கள்தான் வேறு. இத்தனை வருஷம் அந்த ராகம் எங்கள் ஊர்ச் சொத்து என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நாள் வெள்ளம் வடிந்தது. சாயபு கிழக்கே போனார். போகும்போது மரியத்தின் தலைக்கு மேலே கை தூக்கி ஏதோ வாழ்த்தினார், என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் ஓடையில் இறங்கினோம். நடு ஓடையில் வலது சக்கரம் மணலில் புதைந்து வண்டி சாய, தகரப் பெட்டி தண்ணீரில் விழுந்தது. சுடலை பாய்ந்து பிடித்துவிட்டார். மரியத்துக்கு ஒன்றுமில்லை, முழங்கால்வரை நனைந்ததோடு சரி. அக்கரை ஏறிப் பெட்டியைத் திறந்தால் அவளுடைய சேலை இரண்டு, மீதியெல்லாம் ஞானமுத்துவின் சட்டைகள்.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அவள் ஒவ்வொன்றாகப் பிழிந்து உடைமரக் கிளைகளில் விரித்தாள். "கமீஸ்" என்றாள். "கமீஸ்" என்றேன். பித்தானைத் தொட்டு "பட்டன்" என்றாள். அது எங்களுக்கும் பட்டன்தான் என்றேன். ஒரு சொல்லாவது படிக்காமலே தெரிந்திருந்ததில் அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி. காலர் கிழிந்ததையெல்லாம் தைத்து வைத்திருந்தாள். காய்ந்ததும் மடிக்க ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். நானும் பிடித்தேன். எனக்கு மூத்த அண்ணன் கிடையாது, நான் போட்டுக் கழித்த சட்டைகளைத்தான் சின்ன வயதில் அவன் போட்டுக்கொண்டு அலைந்தான். அவன் சட்டையை நான் மடித்தது அன்றுதான்.

அப்போது கிழக்கே ஒரு சந்தையில் வெற்றிலைக் கூடை இறக்கிவிட்டு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். "நடந்து போறவர் முந்திப் போயிருவீரு. மத்தியானத்துக்குள்ள வந்திருவோம், சோறு பொங்கி வைக்கச் சொல்லும் அம்மாகிட்ட" என்று சொல்லியனுப்பினேன். வந்ததும் சூடாக ஒரு வாய் இறங்க வேண்டுமே என்பதுதான் என் நினைப்பு. அந்தச் செய்தி அம்மாவின் அடுப்போடு நிற்காது, ஊருக்கெல்லாம் போகும், கோவிலுக்கும் போகும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. களைத்தவன் புத்தி அவ்வளவுதான்.

முக்கூடலைத் தாண்டியதும் மரியம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு கிணற்றடியில் முகம் கழுவினாள். புதரின் மறைவில் போய், காய்ந்த சேலையில் நல்லதை உடுத்திக்கொண்டு வந்தாள். சீப்பெடுத்து வகிடு எடுத்து வாரினாள்.

"மாமியா வீட்டுக்குப் போறதுக்கா இம்புட்டுச் சிங்காரம்?" என்றார் சுடலை மெதுவாக.

மாமியாருக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். நான் மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊர்க் குளத்துக் கரையில் வண்டி ஏறியது. குளம் நிறைந்து கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பனைகளுக்கு மேலே கோவில் கோபுரம் தெரிந்தது. "கர்?" என்றாள். வீடா? "ஹாங், கர்" என்றேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்துதான் ஆமாம் சொன்னேன். கரை சேறாகிக் கிடந்ததால் மாடு திணறியது. இறங்கி நடந்தோம். நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சோறு. பிறகு பைட்டியே. பிறகு குசர் கயே.

அப்போது மணி அடித்தது.

ஒரு அடி. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு அடி. மணியடிக்கும் கோயில்குட்டியார் கோபுரத்து ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்திருக்கிறார். பெண்டாட்டி ஊர் எல்லைக்குள் கால் வைத்துவிட்டாள், அவருக்கு அது போதும். இவள் சாப்பிடவில்லை என்பதும் இவளுக்குத் தெரியாது என்பதும் அவர் கணக்கில் வராது. அவர் முறையை அவர் செய்தார்.

மரியம் நின்றாள். கோவில் வளாகத்திலேயே வளர்ந்தவள். எங்கள் மணியும் அவர்கள் மணியும் செத்தவனுக்கு ஒரே மாதிரிதான் அடிக்கும் போலிருக்கிறது. அவள் முதலில் மாமியாரைத்தான் நினைத்திருக்க வேண்டும், சுகமில்லை என்று சொல்லித்தானே கூட்டிவந்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள். தலைப்பைத் தூக்கித் தோளில் போட்டாள். அன்றுதான் அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். எவ்வளவு சின்னப் பெண்.

"கௌன்?" என்றாள்.

நான் தயாராக இருந்தேன். சத்திரத்திலும் வண்டியிலும் உருப்போட்டது நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. மணி மறுபடியும் அடித்தது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"மேரா பாய்" என்றேன்.

உச்சரிப்பு இந்தத் தடவை சரியாக இருந்திருக்க வேண்டும். அவள் திருத்தவில்லை.

சொன்ன பிறகுதான் எனக்குக் கேட்டது. செய்தி வந்த நாளிலிருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டேன், ரயிலைப் பார்த்துக்கொண்டேன், இவளைப் பார்த்துக்கொண்டேன். செத்துப்போனவன் என் தம்பி என்பது அந்தக் கரையில் இரண்டு அந்நியச் சொற்களில்தான் எனக்கே உறைத்தது. வாய்விட்டு அழுதேன். சுடலை ஓடி வந்தார். அதற்குள் அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"பைட்டியே, பையா" என்றாள். "பைட்டியே."

இரண்டு பேரும் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தோம். அவள் தன் நல்ல சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் முன்னும் பின்னும் ஆடினாள். மணி நிற்கவில்லை.

அம்மா கரையில் ஓடி வந்தாள். மணி கேட்டதும் அப்படியே எழுந்து ஓடி வந்திருக்கிறாள், கையில் சோற்றுக் கும்பா, ஆவி பறந்துகொண்டிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மரியத்தின் எதிரே சேற்றில் மண்டியிட்டு, அவள் வாயிலிருந்த தலைப்பை எடுத்துவிட்டு, ஒரு கவளம் உருட்டி நீட்டினாள்.

"ஒரு வாய் வாங்கிக்கோ தாயி. ஒரு வாய். பொறவு அழலாம், நானும் அழுவேன்."

மரியம் வாயைத் திறந்தாள். அம்மா ஊட்டினாள். மென்று விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு அந்தத் தலைக்கு மேலாக என்னைக் கேட்டாள்:

"சொல்லிட்டியாலே?"

"சொல்லிட்டேம்மா" என்றேன்.